டிராஃபிக் செல்லான் வந்திருக்கிறதா? கட்டுவதா, கோர்ட்டில் பார்ப்பதா என்று முடிவெடுப்பது எப்படி

ஆயிரம் ரூபாய் ஃபைனுக்காக யார் கோர்ட்டுக்கு அலைவது, கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்பதுதான் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும். பல நேரம் அதுவே சரியான முடிவும்கூட. ஆனால் அப்படி முடிவு செய்வதற்கு முன்னால், செல்லானில் தொகையைப் பார்க்கிற கண் அதன் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பிரிவு எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இன்றைக்குக் கட்டுகிற பணத்தைவிட அந்தப் பிரிவு உங்கள் லைசென்ஸுக்கும் அடுத்த செல்லானுக்கும் என்ன செய்யும் என்பதுதான் பெரிய விஷயம், அதை யாரும் சிக்னலில் நின்று உங்களுக்கு விளக்கப்போவதில்லை.

இது தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எழுதியது. குறிப்பாக, லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, இப்போதுதான் முதல் செல்லான் வந்திருக்கிறது, கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை என்பவர்களுக்கு. ஹெல்மெட், சீட் பெல்ட், சிக்னல், ஸ்பீடு, போன், பார்க்கிங் போன்ற சின்ன விதிமீறல்களைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். குடித்துவிட்டு ஓட்டியது, யாருக்காவது அடிபட்டது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக வக்கீலைப் பாருங்கள். அது வேறு சமாச்சாரம்.

முதலில்: அது உண்மையான செல்லான்தானா?

வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வரும். உங்கள் வண்டி நம்பர்கூட சரியாக இருக்கும். விவரம் பார்க்க இந்த ஃபைலை இன்ஸ்டால் செய்யுங்கள் என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல் இணைத்திருப்பார்கள். தொடவே தொடாதீர்கள், அது உங்கள் போனையும் பேங்க் கணக்கையும் குறிவைக்கிற மோசடி. உண்மையான செல்லான் எதுவும் ஏ.பி.கே. ஃபைலாக வருவதில்லை. எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் வந்தாலும் அதை அழுத்தாமல், நீங்களே பிரவுசரைத் திறந்து மத்திய அரசின் பரிவாஹன் இ-செல்லான் தளத்துக்குப் போங்கள். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்லான் நம்பரை வைத்தோ, லைசென்ஸ் நம்பரை வைத்தோ, வண்டி நம்பரோடு சேஸிஸ் அல்லது எஞ்சின் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளை வைத்தோ அங்கே தேடலாம். அங்கே இருந்தால் இருக்கிறது, அவ்வளவுதான்.

ரோட்டில் நிறுத்திப் போட்ட கேஸ் என்றால் கையிலேயே ரசீது கொடுத்திருப்பார்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாக எதையும் கொடுக்காதீர்கள். இன்னொன்று, அங்கே நின்று வாக்குவாதம் செய்வதால் ஒரு பலனும் கிடையாது. ‘சார், இதை நான் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன், செல்லான் போட்டுக் கொடுங்கள்’ என்று மரியாதையாகச் சொன்னால் போதும். ஸ்பாட்டில் கட்டுவது என்பது சட்டத்தின் பார்வையில் சமரசத் தொகை, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் கேஸை முடித்துக்கொள்ளக் கட்டும் பணம், நீங்கள் சம்மதித்தால்தான் அது. கட்ட மறுப்பது தனிக் குற்றம் கிடையாது. கேஸ் கோர்ட்டுக்குப் போகும், அதுதான் வித்தியாசம்.

அடுத்தது செல்லானை முழுசாகப் படிப்பது

பெரும்பாலோர் செய்யாமல் விடுகிற வேலை இது. தேதி, நேரம், இடம், வண்டி நம்பர், வண்டியின் வகை, பிரிவு, தொகை என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். கேமரா செல்லான் என்றால் படம் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறதா, 8 என்பதை 6 என்று படித்திருக்கிறார்களா, படத்தில் இருக்கிற வண்டி உங்கள் வண்டிதானா? உங்களுடையது கறுப்பு ஸ்பிளெண்டர், படத்தில் நிற்பது சிவப்பு ஸ்கூட்டர் என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், நீங்கள் எதிர்க்கப்போகிறீர்கள். நீங்கள் திருநெல்வேலியில் இருக்கும்போது கோயம்புத்தூரில் கேஸ் விழுந்திருந்தாலும் அப்படித்தான். உங்கள் நம்பரை வேறு யாரோ போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள் என்றால் செல்லானைவிட அதுதான் ஆபத்து. உடனே போலீஸில் புகார் கொடுத்து அதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

வண்டியை விற்றுவிட்டீர்கள், செல்லான் மட்டும் உங்களுக்கே வந்துகொண்டிருக்கிறது என்பது இன்னொரு வழக்கமான தலைவலி. ஆர்.சி.யில் பெயர் மாறாத வரைக்கும் அரசுக் கணக்கில் உரிமையாளர் நீங்கள்தான். விற்றபோது பெயர் மாற்றத்துக்காகப் போட்ட ஃபார்ம் 29, 30 நகல்களும் வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதி வாங்கிய காகிதமும் இருந்தால் எதிர்க்க வழி இருக்கிறது. எதுவுமே இல்லை என்றால் முதலில் வாங்கியவரைப் பிடித்துப் பெயர் மாற்றத்தை முடிப்பதுதான் வேலை.

பிரிவு எண் என்ன சொல்கிறது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்தான் அடிப்படை. 2019 திருத்தத்தில் அபராதங்கள் பல மடங்கு ஏறின. தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் அதற்கு ஏற்ப இங்கே வசூலிக்கும் தொகைகளை அறிவித்தது. அதிலிருந்துதான் ஹெல்மெட் இல்லாததற்கு 100 ரூபாய் என்ற காலம் போய் 1,000 ரூபாய் ஆனது.

பிரிவு 177 என்று இருந்தால் அது பொதுவான சின்னத் தவறுகளுக்கான பிரிவு. முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை. பார்க்கிங் கேஸ்கள் பொதுவாக இதில்தான் வரும். பின்விளைவு பெரிதாக எதுவும் இல்லை. உங்கள் மேல் தப்பு இருந்தால் கட்டிவிட்டு மறந்துவிடலாம்.

194பி சீட் பெல்ட், 1,000 ரூபாய். 194டி ஹெல்மெட். இதுவும் அதே 1,000 ரூபாய்தான், ஆனால் இங்கேதான் கவனிக்க வேண்டும்: அந்தப் பிரிவிலேயே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் எழுதியிருக்கிறது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனதற்கான 194சி-யிலும் அதே மூன்று மாதம் உண்டு. நடைமுறையில் ஒவ்வொரு ஹெல்மெட் கேஸுக்கும் லைசென்ஸைப் பறித்துவிடுவதில்லை, ஆனால் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

183 என்றால் ஸ்பீடு. காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, லாரி பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 வரை.

184 என்று பார்த்தால் நிமிர்ந்து உட்காருங்கள். தலைப்பு ‘அபாயகரமாக ஓட்டுதல்’. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பு சிக்னலைத் தாண்டுவது, ஓட்டும்போது கையில் போன் வைத்திருப்பது, எதிர்த்திசையில் வருவது எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. முதல் தடவைக்கே சட்டப்படி 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. மூன்று வருடத்துக்குள் அதே மாதிரி இன்னொரு தடவை மாட்டினால் அபராதம் 10,000 ரூபாய். போன் கேஸில் தமிழ்நாட்டில் முதல் தடவை 1,000, இரண்டாம் தடவை 10,000 என்று வைத்திருப்பது இதனால்தான். அதே சிக்னல் தாண்டலை சிக்னலை மதிக்காத குற்றமாக 119, 177 பிரிவுகளிலும் எழுதலாம், 184-லும் எழுதலாம். எதில் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த மூன்று வருடத்துக்கு உங்கள் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்பது மாறும்.

கட்டிவிட்டால் முடிந்துவிடுகிறதா?

இதைத்தான் அழுத்தமாகச் சொல்ல நினைக்கிறேன். பணம் கட்டினால் அந்த செல்லான் முடியும், கோர்ட் கேஸ் வராது. அது உண்மை. ஆனால் அதே சட்டத்தின் 200-வது பிரிவு, சமரசத் தொகை கட்டி முடித்த குற்றத்தையும் ‘முன்பு செய்த குற்றம்’ என்றே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதாவது செய்யாத ஒரு போன் கேஸுக்கு ‘சரி போகட்டும்’ என்று இன்றைக்கு 1,000 ரூபாய் கட்டினால், இரண்டு வருடம் கழித்து இன்னொரு போன் கேஸ் வரும்போது அது இரண்டாவது தடவை. 10,000 ரூபாய். பணம் கட்டியதால் லைசென்ஸை இடைநிறுத்தும் நடவடிக்கையும் நின்றுவிடாது, அதுவும் அதே பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது.

வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ஆட்டோ, கால் டாக்ஸி, லோடு வண்டி, உணவு டெலிவரி என்று லைசென்ஸை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது என்பவருக்கு அது மூன்று மாத வருமானம். ஆகவே ஒரே செல்லானுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக முடிவெடுப்பதில் தப்பே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கட்டிவிட்டார் என்பது உங்களுக்குக் காரணமாக இருக்கக் கூடாது.

எப்போது எதிர்ப்பது நியாயம்

என் கருத்தில் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் சொல்வதைக் காகிதத்திலோ படத்திலோ காட்ட முடியுமா? கோபத்துக்கு கோர்ட்டில் மதிப்பு இல்லை. ‘எல்லோரும்தான் போனார்கள், என்னை மட்டும் பிடித்தார்கள்’ என்பது நிஜமாகவே இருக்கலாம், ஆனால் அது பதில் ஆகாது. ‘அவசரமாகப் போனேன்’ என்பதும் அப்படியே. ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போனீர்கள், அட்மிஷன் சீட்டில் நேரம் இருக்கிறது என்றால் அதை நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம், சொல்லிப் பார்க்கலாம், மற்றபடி இல்லை.

வலுவான காரணங்கள் என்று நான் நினைப்பவை இவை. வண்டி உங்களுடையது இல்லை, அல்லது அந்த நேரத்தில் அது அங்கே இல்லை. சிக்னல் வேலை செய்யவில்லை, அல்லது போலீஸ்காரரே கை காட்டிப் போகச் சொன்னார். ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஸ்டாப் லைனைத் தாண்டினீர்கள், வண்டியில் பொருத்திய டேஷ்கேம் கேமராவில் பதிவாகியிருக்கிறது. நோ பார்க்கிங் போர்டே அங்கே இல்லை, அல்லது மரக்கிளைக்குள் மறைந்திருக்கிறது. லைசென்ஸோ இன்சூரன்ஸோ இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் உங்களிடம் அன்றைய தேதிக்குச் செல்லுபடியாகும் ஆவணம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கிறது. கையில் இல்லாதது வேறு, எடுக்கவே எடுக்காதது வேறு. லைசென்ஸ் எடுக்காமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாய். எடுத்து வைத்திருப்பவர் இந்தத் தொகையைக் கட்டவே கூடாது. டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்களில் காட்டுவதும் அசலைக் காட்டுவதற்குச் சமம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139 சொல்கிறது.

போன் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. வழி பார்ப்பதற்காக மட்டும், கவனம் சிதறாத விதத்தில் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். போன் ஹேண்டில்பார் ஹோல்டரில் இருந்தது, மேப் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் போன் கேஸ் போட்டார்கள் என்றால் எதிர்க்க நல்ல அடிப்படை இருக்கிறது. ஒரு கையில் போன், மறு கையில் ஆக்ஸிலேட்டர் என்று படத்தில் தெரிந்தால் வேண்டாம், கட்டிவிடுங்கள்.

ஸ்பீடு கேஸில் சட்டமே உங்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. ஒரே ஒரு சாட்சி ‘வேகமாகப் போனது போல் இருந்தது’ என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். கேமரா வைத்துப் பிடிப்பதற்கு 2021 ஆகஸ்டில் வந்த விதி 167ஏ-வின்படி, அந்தக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 183, 184 கேஸ்களில் ஸ்பாட்டிலேயே எச்சரிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் நோட்டீஸோ 28 நாளுக்குள் சம்மனோ வந்திருக்க வேண்டும் என்று 209-வது பிரிவும் சொல்கிறது. அதிலும் விலக்குகள் உண்டு, ஆகையால் நாள் கணக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இவை உங்கள் வாதத்துக்குப் பக்கபலம்.

உண்மையில் நீங்கள் தப்பு செய்திருந்தால் என்ன செய்வது? சிவப்பில் போனது உங்களுக்கே தெரியும் என்றால், விதியின் ஓட்டையைத் தேடி அலைவதைவிடக் கட்டிவிடுவதுதான் நல்லது என்பேன். அந்த சிக்னலில் குறுக்கே நடந்து போகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அன்றைக்கே சேகரிக்க வேண்டியவை

தள்ளிப்போடாதீர்கள். மறைந்திருக்கும் போர்டை இரண்டு நாளில் கிளை வெட்டித் தெரிய வைத்துவிடலாம், அழிந்துபோன ஸ்டாப் லைனுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாம். முடிந்தால் அதே நாள், அதே நேரத்தில் அங்கே போய்ப் படம் எடுங்கள். நீங்கள் ஓட்டி வந்த திசையிலிருந்து, ஓட்டுகிறவரின் கண் உயரத்தில் எடுங்கள். பிளாட்பாரத்தில் நின்று எடுத்த படத்தில் போர்டு பளிச்சென்று தெரியும், பைக்கில் வருகிறவனுக்கு அது தெரியாது, அந்த வித்தியாசம்தான் உங்கள் கேஸே. கூடவே எதிர்க் கடைக்கு ஒரு படம், இடம் எது என்று அடையாளம் தெரிய.

டேஷ்கேம் பதிவையோ போனில் எடுத்த படத்தையோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலாக இல்லாமல், அசல் ஃபைலாகவே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் ஃபைலைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் இடம் பற்றிய விவரமும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதை வக்கீலோ அவர் குமாஸ்தாவோ தயாரித்துத் தருவார்கள். இது அவர்களுக்கும் பொருந்தும்: போலீஸ் தரப்பின் கேமரா படத்துக்கும் சான்றிதழ் வேண்டும்.

அன்று நடந்ததை அன்றிரவே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். எந்த லேனில் வந்தீர்கள், முன்னால் என்ன வண்டி, மழையா வெயிலா, நிறுத்தியவர் என்ன சொன்னார், அவருடைய பெயர்ப் பட்டையில் என்ன இருந்தது. மூன்று மாதம் கழித்து கோர்ட்டில் கேட்கும்போது இதெல்லாம் ஞாபகம் இருக்காது. கருவியின் சான்றிதழ் பற்றித் தெரிய வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சம்பந்தப்பட்ட காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது, ஆகவே சீக்கிரமே போட்டுவிடுங்கள்.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு முறையீடு

தப்பான வண்டி, தப்பான நம்பர், செல்லுபடியாகும் ஆவணம் இருந்தும் போட்ட கேஸ் போன்றவை கோர்ட் வரை போகவே தேவையில்லாமல் முடியலாம். இ-செல்லான் தளத்திலேயே புகார் பதிவு செய்யும் பகுதி இருக்கிறது. செல்லான் நம்பரைப் போட்டு, சுருக்கமாக நான்கு வரி எழுதி, ஆதாரத்தை இணையுங்கள். கூடவே செல்லான் போட்ட டிராஃபிக் பிரிவுக்கு ஒரு கடிதமும் கொடுத்து நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் கதை வேண்டாம். ‘படத்தில் உள்ள வண்டி சிவப்பு நிற ஸ்கூட்டர். என்னுடையது கறுப்பு நிற மோட்டார் சைக்கிள், ஆர்.சி. நகல் இணைத்துள்ளேன். செல்லானை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.’ இவ்வளவே போதும்.

செல்லானிலோ நோட்டீஸிலோ என்ன காலக்கெடு அச்சாகியிருக்கிறதோ அதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். காலக்கெடு பற்றிய விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகையால் நண்பர் சொன்ன நாள் கணக்கை நம்பாமல் உங்கள் காகிதத்தில் இருப்பதைப் பாருங்கள்.

மெய்நிகர் நீதிமன்றம்

கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட செல்லான் மெய்நிகர் நீதிமன்றத்தில், அதாவது வி-கோர்ட்ஸ் தளத்தில் வந்திருக்கலாம். அங்கே தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, மொபைல் நம்பரையோ வண்டி நம்பரையோ போட்டால் உங்கள் வழக்கு வரும். அதில் இரண்டு வழி: அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன். எதிர்க்கிறேன் என்று அழுத்தினால் அந்த வழக்கு எல்லைக்குட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறிவிடும். அங்கேயே ஆன்லைனில் வாதாட முடியும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. அந்தப் பட்டனை அழுத்தும்போதே ஒரு நாள் நேரில் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் அழுத்த வேண்டும்.

கோர்ட் நாள்

சென்னை என்றால் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று வளாகங்கள் உண்டு, மற்ற ஊர்களில் அந்த எல்லைக்குரிய ஜே.எம். கோர்ட், அதாவது குற்றவியல் நடுவர் நீதிமன்றம். சம்மனில் எந்தக் கோர்ட், எந்த ஹால் என்று இருக்கும். பத்து மணிக்கெல்லாம் போய்விடுங்கள். ஹாலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் வழக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. போனை அணைத்துவிட்டு, டவாலி உங்கள் பெயரைக் கூப்பிடுவது காதில் விழுகிற தூரத்திலேயே இருங்கள். டீ குடிக்கப் போன நேரத்தில் பெயர் கூப்பிட்டுவிட்டால் அன்றைய அலைச்சல் வீண்.

நடுவர் குற்றச்சாட்டைச் சொல்லி ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். இந்த ஒரு கேள்விக்குத்தான் நீங்கள் தயாராகப் போக வேண்டும். ‘ஆமாம் சார், ஆனா...’ என்று ஆரம்பித்தால் ஆமாம் என்பதுதான் பதிவாகும். எதிர்க்கிறீர்கள் என்றால் ‘இல்லை ஐயா, நான் மறுக்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள், விளக்கத்துக்கு அப்புறம் நேரம் தருவார்கள். பெரும்பாலும் அன்றே விசாரணை நடக்காது, வாய்தா போடுவார்கள். எத்தனை வாய்தா ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேஸ் போட்ட அதிகாரி வேறு பந்தோபஸ்து வேலையில் இருந்தால் அவர் வராமல் தள்ளிப்போகும். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அரை நாள் போகும். தினக்கூலிக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

விசாரணை வரும்போது அதிகாரி சாட்சி சொல்வார், பிறகு நீங்களோ உங்கள் வக்கீலோ குறுக்கு விசாரணை செய்யலாம். கேள்விகள் சின்னதாகவும் இடம் சார்ந்தும் இருந்தால்தான் வேலைக்கு ஆகும். சிக்னல் கேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எந்த மூலையில் நின்றீர்கள்? அங்கிருந்து எனக்குரிய சிக்னல் விளக்கு தெரியுமா? நடுவில் பஸ் ஏதாவது நின்றதா? ஸ்டாப் லைன் எங்கே இருக்கிறது? அந்த நேரத்தில் சிக்னல் ஆட்டோமேட்டிக்காக ஓடியதா, கையால் இயக்கினார்களா? கேட்டுவிட்டுப் பதிலோடு நிறுத்திவிடுங்கள். பதிலை மறுத்து அவரோடு சண்டை போடுவது உங்கள் பக்கத்தைத்தான் பலவீனமாக்கும், அவரும் வெயிலில் நின்று வேலை பார்க்கிற மனிதர்தான்.

வக்கீல் கட்டாயமா என்றால், இல்லை. உங்கள் கேஸை நீங்களே நடத்தலாம். 177-க்கு வக்கீல் வைத்தால் ஃபைனைவிட ஃபீஸ் அதிகமாகிவிடும். 184 என்றால், அல்லது லைசென்ஸ் உங்கள் பிழைப்பு என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வக்காலத்துப் போட்டுவிட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் நேரில் வராமல் இருக்க அனுமதி கேட்டு மனுவும் போடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கு இதில் வருமான வரம்பே இல்லை என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கோர்ட் வாசலில் வந்து ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று பேசுகிற புரோக்கர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

தோற்றால் என்ன ஆகும்

பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் பிரிவுக்குப் பிரிவு மாறும். ஹெல்மெட், சீட் பெல்ட்டில் சட்டமே 1,000 என்று நிர்ணயித்துவிட்டதால் கோர்ட்டில் தோற்றாலும் அபராதம் அதற்கு மேல் ஏறாது. 183, 184 போன்றவற்றில் சமரசத் தொகை கீழ்மட்டத்தில் இருக்கும், கோர்ட் மேல் வரம்பு வரைக்கும் விதிக்கலாம். ஆகவே ஆதாரம் பலவீனமாக இருக்கும் 184 கேஸை வீம்புக்காக எதிர்ப்பது நல்லதல்ல. தீர்ப்பு தப்பு என்று நினைத்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். லைசென்ஸை நிறுத்திவைக்க ஆர்.டி.ஓ. நடவடிக்கை எடுத்தாலும் முதலில் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விடுவதுதான் பெரும்பாலோர் சறுக்குகிற இடம்.

எதையும் செய்யாமல் விட்டுவிடலாமா

இதை மட்டும் செய்யாதீர்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களுக்கு ஆறு மாதத்துக்குள் வழக்கு கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறையில் கால வரம்பு இருப்பது உண்மைதான். அதைக் கேள்விப்பட்டுவிட்டு ‘ஆறு மாதம் தள்ளினால் போதும்’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் பதிவாகியிருக்கும், சம்மன் பழைய முகவரிக்குப் போயிருக்கும், உங்களுக்குத் தெரியாமலே பிடிவாரண்ட் வரை போய்விடலாம். நிலுவை செல்லான் இருந்தால் வண்டியை விற்கும்போதோ எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் எடுக்கும்போதோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை நின்றுபோகும். தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் கர்நாடகாவில் நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள், அந்தச் செய்தி இன்னும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தமிழ்நாட்டுக்கு வந்தது போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆர்.சி.யில் இருக்கும் முகவரியும் மொபைல் நம்பரும் இப்போதைய உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை நோட்டீஸ் கைக்கு வராததால்தான் வருகிறது.

முடிந்த பிறகு

கட்டினாலும் வென்றாலும் வேலை அத்தோடு முடியவில்லை. கட்டியவர்கள் ரசீதை பி.டி.எஃப்.பாக இறக்கி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து இ-செல்லான் தளத்தில் நிலுவை நீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் பேங்கில் கழிந்து, தளத்தில் இன்னும் நிலுவை என்றே காட்டினால் உடனே இரண்டாவது தடவை கட்டிவிடாதீர்கள், பரிவர்த்தனை எண்ணோடு புகார் போடுங்கள். விடுதலை ஆனவர்கள் கோர்ட்டிலேயே காப்பி அப்ளிகேஷன் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, ஒரு பிரதியை செல்லான் போட்ட டிராஃபிக் பிரிவில் கொடுத்துச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தில் பெயர் நீங்கும் வரைக்கும் அந்த நகல் வண்டியின் ஆர்.சி.யோடு சேர்ந்தே இருக்கட்டும்.